வி.சி.ஆரில் படம் பார்ப்பதும் பதிவு செய்வதும்: கேசட்டைக் கெடுக்காமல் செய்ய ஒரு முழு வழிகாட்டி

பழைய வி.சி.ஆர். (வீடியோ கேசட்டை ஓட்டுகிற, பதிவு செய்கிற கருவி, 'டெக்' என்றும் சொல்வார்கள்) ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை, இருப்பதிலேயே முக்கியமான கேசட்டைத் தேடி எடுத்து உள்ளே தள்ளுவதுதான். கல்யாண கேசட், குழந்தை தவழ்ந்த கேசட், இன்று நம்மோடு இல்லாத ஒருவர் பேசுகிற கேசட். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல வருடம் ஓடாமல் கிடந்த டெக்கில் ரப்பர் இறுகியிருக்கும், கிரீஸ் காய்ந்து கெட்டியாகியிருக்கும், அந்த நிலையில் அது டேப்பை உள்ளே இழுத்துக் கசக்கிவிட்டால் போனது போனதுதான். டெக் கெட்டால் வேறு டெக் தேடிக்கொள்ளலாம், வீட்டில் எடுத்த கேசட்டுக்கு இன்னொரு பிரதி கிடையாது. அதனால் கேசட்டுக்கு எது பாதுகாப்போ அதை முதலில் செய்யுங்கள், படம் பார்ப்பது அப்புறம்.

இந்தக் கேசட்டுகளின் வி.எச்.எஸ். முறையை ஜே.வி.சி. நிறுவனம் ஜப்பானில் 1976இல் கொண்டுவந்தது. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆக, இன்றைக்குக் கிடைக்கிற எந்த டெக்கும் பழையதுதான். "நன்றாக ஓடும்" என்று சொல்லிக் கொடுத்தாலும் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

டெக்கைப் பார்ப்பது

கரண்டில் சொருகுவதற்கு முன்பே பின்பக்க லேபிளைப் படியுங்கள். 110 வோல்ட்டுக்குச் செய்த டெக்கை 230 வோல்ட்டில் சொருகினால் பவர் சப்ளை எரிந்துவிடும். அதே லேபிளில் அல்லது முன்பக்கத்தில் பால், என்.டி.எஸ்.சி., செகாம் என்று டி.வி. ஒளிபரப்பு முறையின் பெயர் எழுதியிருக்கும். பால் முறையில் 625 வரிகள், என்.டி.எஸ்.சி.யில் 525. உங்கள் கேசட் ஒரு முறையிலும் டெக் இன்னொரு முறையிலும் இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், உருளும், சில சமயம் ஒன்றுமே தெரியாது, சத்தம் வேகமாகவோ மெதுவாகவோ கேட்கும். கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் இதைச் சரிபார்த்துவிட்டுப் போடலாம்.

ரெக்கார்டு பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கையில் இருப்பது வி.சி.பி., படம் ஓட்ட மட்டும்தான் ஆகும். பழைய கேசட்டை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அது குறையே இல்லை, சொல்லப்போனால் தவறுதலாகக்கூட அதால் அழிக்க முடியாது என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம்.

டி.வி.யோடு இணைப்பது

டெக்கின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடது சத்தம், சிவப்பு வலது சத்தம். மோனோ டெக் என்றால் சத்தத்துக்கு ஒரே துளைதான். 'அவுட்' என்று எழுதிய வரிசையிலிருந்து டி.வி.யின் 'இன்' வரிசைக்கு ஒயரைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் 'இன்'னிலேயே சொருகிவிட்டு ஏன் படம் வரவில்லை என்று தேடுவது எல்லோருக்கும் நடக்கிறது. ஐரோப்பிய மாடல்களில் அகலமான 21 பின் ஸ்கார்ட் சாக்கெட் இருக்கும். எஸ்-வி.எச்.எஸ். (வி.எச்.எஸ்.ஸின் மேம்பட்ட வகை) டெக் கையில் இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு எஸ்-வீடியோ ஒயரைப் பயன்படுத்துங்கள், நிறம் தெளிவாக வரும்.

மிகப் பழைய டெக்கில் ஆண்டெனா துளை மட்டும் இருந்தால் அது ஒரு சேனல்போல டி.வி.க்குப் படத்தை அனுப்பும். என்.டி.எஸ்.சி. நாடுகளில் அது 3 அல்லது 4ஆம் சேனலில் வரும், பால் நாடுகளில் பெரும்பாலும் யூ.எச்.எஃப். 36ஐ ஒட்டி. டி.வி.யில் அனலாக் டியூனர் இருந்தால்தான் இது நடக்கும். புது டி.வி.யில் மஞ்சள் துளையே இல்லையென்றால் ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுகிற சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். மாற்றின பிறகு படம் அகலமாக இழுத்துக்கொண்டு தெரிந்தால் டி.வி. மெனுவில் 4:3 என்று வைத்துவிடுங்கள். மனிதர்கள் எல்லோரும் குண்டாகத் தெரிகிற நிலையில் ஒரு கல்யாண வீடியோவை முழுக்கப் பார்ப்பது நியாயமில்லை.

கேசட்டைப் பார்ப்பது

வெளிச்சத்தில் பிடித்து மேலிருக்கிற கண்ணாடி வழியாக டேப் சுற்றைப் பாருங்கள். சீரான, பளபளப்பான கரும்பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் புள்ளிகள், பொடி, நூல் நூலாகப் படர்ந்ததுபோல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை எந்த டெக்கிலும் போடக்கூடாது. போட்டால் டெக்கின் உள்ளே ஒட்டி, அடுத்துப் போடுகிற ஒவ்வொரு கேசட்டுக்கும் பரவும், மூச்சில் போனால் நமக்கும் ஆகாது. தனியாக ஒரு கவரில் போட்டு மூடி, டேப் சுத்தம் செய்து தருகிறவர்களிடம் கொடுங்கள்.

அடுத்து, லேபிள் ஒட்டுகிற முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது இருந்தால் அந்தக் கேசட்டின்மேல் பதிவு செய்யலாம், உடைத்து எடுத்துவிட்டால் டெக் பதிவு செய்ய மறுக்கும். வீட்டில் எடுத்த எந்தக் கேசட்டாக இருந்தாலும் ஓட்டுவதற்கு முன்பே அந்தத் தகட்டை ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பி உடைத்துவிடுங்கள். தயங்கவே வேண்டாம். பின்னால் அதே கேசட்டில் பதிவு செய்ய நினைத்தால் அந்தக் குழியின்மேல் செலோடேப் துண்டு ஒன்றை ஒட்டினால் போதும், ஆனால் ஒருமுறை மேலே பதிவாகிவிட்டால் அடியில் இருந்தது எந்த வித்தையிலும் திரும்பாது.

குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த டெக்கையோ கேசட்டையோ உடனே ஓட்டாதீர்கள், இரண்டு மணி நேரமாவது அறையில் வைத்திருங்கள். உள்ளே சுழல்கிற உலோக டிரம்மின்மேல் ஈரம் படிந்திருந்தால் டேப் அதில் ஒட்டிக்கொள்ளும். சில டெக்குகள் இதைக் கண்டுபிடித்து டிஸ்ப்ளேயில் 'டியூ' என்று காட்டி ஓட மறுக்கும், மற்றவை காட்டாது.

முதல் ஓட்டம்

போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற ஒரு கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தள்ளுங்கள், டெக் தானாக இழுத்துக்கொள்ளும், இழுக்கும்போது கையால் அழுத்த வேண்டாம். பிளே கொடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, எஜெக்ட் செய்து, கேசட்டின் முன்கதவைத் திறந்து பாருங்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அழுத்திக்கொண்டு தூக்கினால் கதவு திறக்கும். டேப்பின் ஓரம் மடிந்தோ அலையலையாகவோ இருந்தால், அல்லது வெளியே வளையமாகத் தொங்கினால், அந்த டெக்கில் வேறு எதையும் போடக்கூடாது. வளையமாகத் தொங்குகிறது என்றால் பெரும்பாலும் டேப்பைச் சுற்றிக்கொள்ள வேண்டிய வலது சக்கரம் சுற்றவில்லை என்று அர்த்தம். அந்தச் சக்கரத்துக்கு விசை கொடுக்கிற ரப்பர் டயரோ பெல்ட்டோ வழுக்குகிறது, மாற்ற வேண்டும். ரீவைண்ட், ஃபார்வர்ட் இரண்டையும் கடைசிவரை விட்டுப் பாருங்கள். முனகிக்கொண்டு நின்று நின்று சுற்றினாலும் இதே கதைதான்.

எல்லாம் சரியாக வந்தால் இப்போது உங்கள் கேசட். நேராகப் பிளே போடாமல், முதலில் ஒரு முறை கடைசிவரை ஃபார்வர்ட் செய்து திரும்ப ரீவைண்ட் செய்யுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த டேப் சுற்று இறுகியும் தளர்ந்தும் இருக்கும், இப்படி ஒரு சுற்று விட்டால் சமமாகிவிடும். முழுதும் ரீவைண்ட் ஆன கேசட்டில் டேப் எல்லாம் இடது சக்கரத்தில் இருக்கும்.

படம் பார்க்கும்போது பாஸ் போட்டு நீண்ட நேரம் வைக்காதீர்கள். பாஸில் டேப் நிற்கும், ஆனால் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று (என்.டி.எஸ்.சி.யில் சுமார் 1800) அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டேயிருக்கும். சில நிமிடங்களில் டெக்கே நிறுத்திவிடுவது அதனால்தான்.

படம் சரியில்லையென்றால்

திரையில் மேலேயோ கீழேயோ ஒரு பட்டை மட்டும் வெள்ளைக் கோடுகளாகக் கலங்கித் தெரிந்தால் அது டிராக்கிங். டேப்பில் படம் சாய்வான கோடுகளாகப் பதிவாகியிருக்கும், டிரம்மில் இருந்து டேப்பைப் படிக்கிற ஹெட் அந்தக் கோட்டின்மேல் சரியாக நடக்க வேண்டும். பதிவு செய்த டெக்குக்கும் ஓட்டுகிற டெக்குக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஹெட் பக்கத்துக் கோட்டில் கால் வைத்துவிடும். என்.டி.எஸ்.சி.யில் எஸ்.பி. என்கிற வழக்கமான வேகத்தில் அந்தக் கோட்டின் அகலம் 58 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), ஈ.பி. என்கிற மிக மெதுவான வேகத்தில் வெறும் 19. மெதுவான வேகத்தில் பதிவான கேசட்டுகள் வேறு டெக்கில் இவ்வளவு படுத்துவதற்குக் காரணம் இதுதான். டிராக்கிங் பட்டனை (பல டெக்குகளில் பிளே ஓடும்போது சேனல் மேல்/கீழ் பட்டனே அதுதான்) ஒரு பக்கமாக மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள், பட்டை நகர்ந்து திரையை விட்டு வெளியேறும். அது போகிற பக்கம் இன்னும் சற்று அழுத்திவிட்டு விடுங்கள். மிகக் கீழே, திரையின் கடைசி விளிம்பில் ஒரு மெல்லிய கலங்கல் கோடு எப்போதும் இருக்கும், அது பிழை அல்ல, ஒரு ஹெட் முடித்து அடுத்த ஹெட் எடுத்துக்கொள்கிற இடம். பழைய டி.வி.யில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது புது டி.வி.யில் தெரிகிறது, அவ்வளவுதான்.

சத்தம் நன்றாக வருகிறது, படம் முழுக்கப் புள்ளி மழை என்றால் வீடியோ ஹெட்டில் அழுக்கு. படம் நன்றாக இருக்கிறது, சத்தம் மட்டும் படபடவென்று விட்டு விட்டு வருகிறது என்றால் டிரம்மில் உள்ள ஹெட்டுகள் படிக்கிற ஹை-ஃபை சத்தத்தை டெக்கால் சரியாகப் படிக்க முடியவில்லை, ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தி 'நார்மல்' அல்லது 'மோனோ'வுக்கு மாற்றினால் டேப் ஓரத்தில் தனியாகப் பதிவான சத்தம் வரும், கொஞ்சம் மங்கல்தான் என்றாலும் பேச்சு புரியும். திரை திடீர் திடீரென்று முழு நீலமாக மாறினால், டேப்பில் படம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், சிக்னல் பலவீனமாகும்போது டெக்கே நீலத்திரை போட்டு மறைக்கிறது. மெனுவில் 'ப்ளூ பேக்' என்று இருப்பதை அணைத்துவிட்டால் மங்கலாகவாவது படம் தெரியும், டிராக்கிங்கை அதைப் பார்த்து நகர்த்தலாம்.

ஹெட்டைத் துடைப்பது

கிளீனிங் கேசட் கையில் இருந்தால் திரவம் விடுகிற வகையை மட்டும் பயன்படுத்துங்கள். உலர் வகை உரசிச் சுத்தம் செய்கிறது, அடிக்கடி போட்டால் ஹெட்டே தேய்ந்துவிடும். கையால் துடைப்பதுதான் என் கணக்கில் சரியான வழி, அதற்குப் பொறுமை மட்டும் வேண்டும்.

கரண்ட் ஒயரைக் கழற்றுங்கள், கழற்றிய பிறகும் பவர் சப்ளைப் பகுதியைத் தொடாதீர்கள், அங்குள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும். மேல்மூடியைத் திறந்தால் நடுவில் சற்றுச் சாய்ந்து நிற்கிற வெள்ளி நிற உருளைதான் டிரம். வெற்று விரல் அதன் பக்கவாட்டில் படவேண்டாம். அதன் விளிம்பில் சின்னச் சின்ன இடைவெளிகளில் எட்டிப்பார்க்கிற துளி அளவுப் பொருள்தான் ஹெட், எளிதில் உடையும். மெல்லிய, நூல் பிரியாத தோல்துணியோ அதற்கென்று விற்கிற குச்சியோ எடுத்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கத்தில் லேசாக வைத்துக்கொண்டு, துணியை அசைக்காமல், இன்னொரு கை விரலால் டிரம்மின் மேல்முனையைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றவேண்டியது டிரம், துணி அல்ல. மேலும் கீழுமாகத் துடைத்தால் ஹெட் ஒடிந்துவிடும். காது குடைகிற பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், நூல் ஹெட்டில் மாட்டிக்கொண்டு அதோடு பிடுங்கிக்கொண்டு வரும். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை புதுத்துணி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். டேப் போகிற வழியில் நிற்கிற கம்பிகள், சத்தம் படிக்கிற நிலையான ஹெட், கறுப்பு ரப்பர் உருளை, அதை ஒட்டிய உலோகத் தண்டு இவற்றுக்குப் பஞ்சுக்குச்சி போதும். கால் மணி நேரம் காயவிட்டு அப்புறம் கேசட்டைப் போடுங்கள்.

மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: டேப்பின் இரண்டு முனையிலும் நிறமற்ற நாடா இருக்கும், உள்ளே இருக்கிற விளக்கின் ஒளி அதன் வழியாகத் தெரிந்தால் டேப் முடிந்துவிட்டது என்று டெக் புரிந்துகொள்ளும். மேலிருந்து பலமான விளக்கு அடித்தாலும் அது அப்படியே ஏமாந்து நின்றுவிடும். டெக்கில் கோளாறு என்று தேடாமல் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

டேப் சிக்கிக்கொண்டால்

உடனே கரண்டை நிறுத்துங்கள். எஜெக்ட் பட்டனை மீண்டும் மீண்டும் அழுத்துவதுதான் டேப்பைக் கொல்கிறது. ஒயரைக் கழற்றி மூடியைத் திறந்து, எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். டேப்பை டிரம்மைச் சுற்றி இழுத்துச் சென்ற இரண்டு கம்பிகளும் பின்னுக்கு வந்தால்தான் கேசட் விடுபடும், அவற்றை நகர்த்துகிற மோட்டாரின் தண்டை விரலால் மெதுவாகச் சுற்றினால் வந்துவிடும். தளர்ந்த டேப்பைச் சுத்தமான விரலால் கம்பிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கேசட் வெளியே வந்ததும் அதன் அடியில் இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள சின்ன ஓட்டையில் பென்சில் முனையை விட்டு அழுத்திக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினால் டேப் உள்ளே போய்விடும். கசங்கிய இடம் நான்கைந்து வினாடி கலங்கலாக வரும், மீதி பிழைத்துக்கொள்ளும். இழுத்து அறுத்தீர்கள் என்றால்தான் நிஜமான இழப்பு.

பதிவு செய்வது

இப்போதெல்லாம் டெக்குக்குள் இருக்கிற டியூனர் பெரும்பாலும் பயன்படாது. அது அனலாக் ஒளிபரப்பைப் பிடிக்கச் செய்தது, அந்த ஒளிபரப்பைப் பல நாடுகள் நிறுத்திவிட்டன (அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூனில்). ஆகவே செட்டாப் பாக்ஸ், கேம்கார்டர், வேறு டெக் எதுவானாலும் அதன் 'அவுட்'டிலிருந்து வி.சி.ஆரின் 'இன்'னுக்கு ஒயர் கொடுத்து, வி.சி.ஆரில் 'எல்1' அல்லது 'ஏ.வி.' அல்லது 'லைன்' என்று காட்டும்வரை இன்புட் பட்டனை அழுத்துங்கள். சில டெக்கில் அந்தப் பட்டனே இருக்காது, சேனலை 1க்குக் கீழே இறக்கினால் வரும். டி.வி.யில் மூலப் படம் தெரிந்தால் மட்டுமே மேலே போங்கள், திரையில் தெரிவதுதான் டேப்பிலும் ஏறும்.

வேகம் தேர்ந்தெடுங்கள். பால் டெக்கில் இ-180 கேசட் எஸ்.பி.யில் 3 மணி நேரம், அதில் பாதி வேகமான எல்.பி.யில் 6 மணி நேரம். என்.டி.எஸ்.சி.யில் டி-120 கேசட் எஸ்.பி.யில் 2, எல்.பி.யில் 4, ஈ.பி.யில் 6 மணி நேரம். வைத்துக்கொள்ள வேண்டிய எதையும் எஸ்.பி. தவிர வேறு வேகத்தில் பதிவு செய்யாதீர்கள் என்பது என் திடமான கருத்து. ஒரு கேசட் மிச்சம் பிடிப்பதற்காக, பத்து வருடம் கழித்து எந்த டெக்கிலும் சரியாக ஓடாத ஒன்றை உருவாக்குவதில் அர்த்தமில்லை. புதுக் கேசட்டின் ஆரம்பத்தில் பத்து வினாடி விட்டுவிட்டுத் தொடங்குங்கள். ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கோ புள்ளியோ வரும், சில மாடல்களில் ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்தவேண்டும். அழுத்தியதும் கேசட் வெளியே வந்துவிட்டால் தகடு உடைந்த கேசட் என்று பொருள், செலோடேப் ஒட்டுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நடுவில் வேண்டாததை விட ஸ்டாப் கொடுக்காமல் பாஸ் கொடுங்கள். பாஸில் டெக் டேப்பைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துவைத்து, விடும்போது பழைய பதிவோடு சேர்த்து இணைக்கும், படம் உதறாது. ஸ்டாப் செய்து மறுபடி தொடங்கினால் அந்த இணைப்பில் சில வினாடி வானவில் நிறக் கோடுகள் வரும். அழிக்கிற ஹெட் டிரம்முக்குச் சற்று முன்னாலேயே இருப்பதால், இரண்டுக்கும் நடுவில் மாட்டிய டேப் துண்டில் பழையது முழுதாக அழியாமல் மேலே புதியது ஏறுகிறது. டிரம்மிலேயே அழிக்கும் ஹெட் உள்ள டெக்கில் இது இல்லை.

டைமர் வைக்கவேண்டும் என்றால் முதலில் கடிகாரம் சரியாக இருக்கவேண்டும், 12:00 என்று மின்னிக்கொண்டிருக்கிற டெக் எந்த நிகழ்ச்சியையும் பிடிக்காது. மெனுவில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இன்புட், வேகம் கொடுத்துவிட்டு டைமர் பட்டனை அழுத்தவேண்டும், பல டெக்குகளில் பவரையும் அணைத்தால்தான் டைமர் விழித்திருக்கும். கடிகாரப் படம் டிஸ்ப்ளேயில் வந்ததா என்று பார்த்துவிட்டுப் போங்கள். செட்டாப் பாக்ஸை டெக்கால் இயக்க முடியாது, அது அந்தச் சேனலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கவேண்டும். முன்பின் ஐந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். அவசரத்துக்கு ரெக்கார்டு பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பல மாடல்களில் அரை அரை மணி நேரமாகக் கூடும், அந்த நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

விலைக்கு வாங்கிய சினிமா கேசட்டை நகல் எடுத்தால் படம் வெளுத்தும் இருண்டும் மாறி மாறி வருவது ஒயர் கோளாறு இல்லை, மாக்ரோவிஷன் என்கிற நகல் தடுப்பு. அதை விட்டுவிடுங்கள்.

கணினிக்கு மாற்றுவது

கேசட் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது, அடுத்த முறை டெக் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படத்தைக் கணினிக்குள் எடுக்கிற யூ.எஸ்.பி. கேப்சர் கருவிக்கு டெக்கின் 'அவுட்'டைக் கொடுத்து, முழுக் கேசட்டையும் ஒரே மூச்சில் பதிவு செய்யுங்கள், வெட்டுவது பின்னால். பால் என்றால் 720க்கு 576, வினாடிக்கு 25 ஃபிரேம். என்.டி.எஸ்.சி. என்றால் 720க்கு 480, 29.97. கோப்பைச் சின்னதாக்க ஆசைப்படாதீர்கள், DV (டிஜிட்டல் வீடியோ) வகைக் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரை பிடிக்கும், அதை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு, குடும்பத்துக்கு அனுப்பத் தனியாகச் சின்னக் கோப்பு ஒன்று செய்துகொள்ளுங்கள். படம் மேலே வளைந்து ஆடினால், சிக்னலின் நேரத்தைச் சீராக்குகிற டி.பி.சி. கருவியை நடுவில் வைக்கவேண்டும், சில பழைய டிவிடி ரெக்கார்டர்கள் வழியாக விட்டாலும் ஓரளவு நேராகும்.

மாற்றி முடித்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடவேண்டாம். கடைசிவரை ஒரே சீராகச் சுற்றி, புத்தகம்போல நிமிர்த்தி, உறைக்குள் போட்டு, ஸ்பீக்கருக்கும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள். டெக்குக்குள் கேசட்டை விட்டுவிட்டு அணைக்காதீர்கள். டெக்கையும் மாதத்துக்கு ஒருமுறை சோதனைக் கேசட் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டிவையுங்கள்.